சாமி கேட்ட கத்தரிக்கோல்

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“சாமி கத்தரிக்கோல் கேட்டுச்சு மச்சி!” என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

பக்கத்தில் இருந்தவர் போனை இறக்கினார். “இன்னாது?”

“எங்க முனீஸ்வரனுக்கு வருசா வருசம் சுருட்டு வெப்போம்ல? இந்த வாட்டி மச்சான் துபாய் சுருட்டு வாங்கினு வந்தான். சித்தப்பா மேல சாமி வந்து இழுக்குது, இழுக்குது, புகையே வர்ல. சாமி கோச்சிக்கிச்சுன்னு பொம்பளைங்க ஒரே அழுகை.”

“அப்புறம்?”

“‘முனை மூடிக்கீது, கத்தரிக்கோல் எட்தாடா’ன்னு சாமியே சொல்லிச்சு. வெட்டிட்டு, சுருட்ட உருட்டி உருட்டிப் பத்த வெச்சோம். சும்மா ஒரே சீரா எரியுது!”

“அருள்வாக்கு சொல்லிச்சா?”

“எங்க? சுருட்டு தீர்ற வரைக்கும் வாயும் தொறக்கல, மலையேறவும் இல்ல!”