புதன்கிழமை ஒரு நீலச் சேலை

— அப்பிடி இறுக்கினால் மூச்சு விடேலாது துரை. எப்பன் தளத்துங்கோ. வயித்தையில்லை, சாரத்தைத் தளத்துங்கோ.

— இப்போது விழுந்துவிடும் போல் இருக்கிறது, ஐயா.

— விழுந்தால்தான் என்ன? உள்ளுக்கை களிசான் போட்டிருக்கிறியள்தானே.

— ஐயோ முதலாளி, சிரிப்புக் காட்டாதேங்கோ. நான் விடியக் காலமை கொக்கிளாயிலயிருந்து வெளிக்கிட்டு, ஒரு கடகம் கருவாடு வித்துப்போட்டு, மற்றதை விக்க முதல் எப்பன் ஆறுவமெண்டு வந்தனான். சிரிக்கிறதுக்கும் உடம்பில சத்தில்லை.

— புனிதம், நீர் சட்டைக்குச் சீத்தைத் துணி எடுக்க வந்தனீரோ, வேடிக்கை பாக்க வந்தனீரோ?

— ரெண்டுக்கும்தான். பாருங்கோவன், வெள்ளைக்காரத் துரை முடிச்சுப் போடுறார். கருவாட்டுச் சாக்குக் கட்டுற மாதிரி.

— முடிச்சுப் போடக் கூடாதா, அம்மா?

— போடக்குடாது ராசா. ஒரு பக்கத்தால இழுத்து, மடிச்சு, உள்ளுக்கை செருகிறது. என்ரை மனுசன் கழுத்தளவு தண்ணிக்கை நிண்டு வலை இழுக்கேக்கையும் அது அவிழாது.

— நன்றி. குறித்துக்கொள்கிறேன். முடிச்சு இல்லை, மடிப்பு.

— எல்லாத்தையும் கொப்பியில எழுதிறார்!

— எழுதாவிட்டால் பிழை செய்துவிடுகிறேன், அம்மா. கோயிலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். வெளியே வந்தபிறகு திரும்பப் போடலாம் என்று யாரும் சொல்லவில்லை. மாலைவரை அப்படியே வெயிலில் திரிந்தேன். முதுகுத் தோல் உரிந்துவிட்டது.

— அடக் கடவுளே.

— பிறகு ஓர் இறந்த வீட்டிற்குச் சிவப்புச் சட்டையுடன் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கதிரை தந்தார்கள். வெற்றிலைத் தட்டும் வந்தது. மறுநாள் எங்கள் ஆய்வுகூடத்தில் செல்வி விமலேஸ்வரிதான் சொன்னார், அது பிழை என்று.

— கேட்டீரோ புனிதம்! ஆரைச் சொல்லுறார் எண்டு விளங்குதே? எங்கடை மருமகள் பிள்ளையை. துரை, அவ எங்கடை வீட்டுக்கு வரப்போறவ. தெரியுமே?

— தெரியும், ஐயா. வைகாசியில் உங்கள் மகனுடன் திருமணம் என்று ஆய்வுகூடத்தில் எல்லோரும் பேசுகிறார்கள்.

— இன்னும் மூண்டு கிழமை. என்ரை மூத்தவன் கதிர்காமநாதன், வவுனியாக் கச்சேரியில அரசாங்கக் கிளாக்கர். பொம்பிளை பி.எஸ்ஸி. இந்த முள்ளியவளையில பரமலிங்கத்தின்ரை வீட்டை விட்டால் வேறை ஆற்றை வீட்டுக்கு பி.எஸ்ஸி மருமகள் வந்தது, கண்டியளே, ஒருக்கால் சொல்லுங்கோ பாப்பம்.

— கலியாணம் முடிஞ்சாப் பிறகும் துரையிட்ட வேலைக்குப் போவாவோ முதலாளி?

— சீச்சீ. மண்ணைக் கிண்டிப் போத்தலுக்கை போட்டுக் குலுக்கினது காணும். படிச்சது படிச்சாச்சு. இனி வீட்டில இருக்கட்டும்.

— அவருக்குக் கொழும்பில் இன்னும் இரண்டு ஆண்டு ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருக்கிறது, ஐயா.

— அதுவும் தெரியும். அது எங்களுக்குப் பெருமைதானே. கலியாணக் கடிதத்தில அவவின்ரை பேருக்குக் கீழை போடலாமோ எண்டு யோசிக்கிறன்.

— போகவிடாமல், போடுறதோ?

— நீர் சும்மா இரும்.

— பெட்டையிட்டக் கேட்டனியளோ முதலாளி?

— தேப்பன் ஐயாத்துரையிட்டக் கேட்டம். அவர் ஓம் எண்டிட்டார். நாங்கள் பாக்கப் போன அண்டைக்குப் பிள்ளை தேத்தண்ணியைக் கொண்டந்து வைச்சிட்டு, குனிஞ்ச தலை நிமிராமல் உள்ளுக்கை போனா. ஒரு சொல்லுப் பேசேல்லை. அந்த அடக்கத்தைப் பாத்துத்தான், கண்டியளே, நான் மற்ற இடமெல்லாத்தையும் விட்டனான்.

— பேசாட்டில் சம்மதம், என்ன?

— பேந்து வேறை என்ன?

— ஆய்வுகூடத்திலும் அவர் பேசுவது குறைவு. எழுதுவார்.

— அது நல்ல பழக்கம். சரி துரை, சாரம் ரெண்டு. மூட்டித் தைச்சுத் தாறன். இனி என்ன வேணும்? காலமை பத்து மணி தொட்டு வெளியில அந்த மர வாங்கில குந்தியிருந்தியள். உள்ளுக்கை வாங்கோ எண்டு மூண்டுதரம் கூப்பிட்டன். பொறுங்கள், பொறுங்கள் எண்டியள். உங்களைப் பாக்கச் சந்தையால வந்த சனமும் வாசல்ல நிண்டிட்டுது.

— நான் வந்தாப் பிறகுதானே எழும்பி வந்தவர். நீங்கள்தானா புனிதம் எண்டு கேட்டார். கருவாடு வாங்கப்போறாராக்கும் எண்டு நினைச்சன். பாத்தால், பின்னாலேயே கடைக்குள்ளை வாறார்.

— உங்கள் கருவாட்டின் பெயர் எங்கள் மண் ஆய்வு முகாம்வரை வந்திருக்கிறது, அம்மா. ஐயா, பட்டியலில் கடைசியாக ஒரு சேலை இருக்கிறது. அந்த அலுமாரியில், மேல் தட்டில், சிவப்பு நிறத்தில் இருக்கிறதே, அதை எடுத்துப் பார்க்கலாமா?

— தொடாதேங்கோ! கோவிக்காதேங்கோ துரை, கண்ணாடிக்கு வெளியால நிண்டு பாருங்கோ. அது விக்கிறதுக்கில்லை. அது கூறை.

— கூறை என்றால்?

— மாப்பிளை வீட்டார் பொம்பிளைக்கு எடுக்கிற சீலை. கலியாணத்தண்டு மணவறையில மாப்பிளை தட்டத்தில வைச்சுக் குடுப்பார். பொம்பிளை உள்ளுக்கை போய் அதை உடுத்துக்கொண்டு வருவா. பேந்துதான் தாலி. அதுக்கு முதல் ஒருதரும் பிரிக்கக்குடாது, மேல்ல வைச்சுப் பாக்கவும் குடாது. கும்பகோணத்தில சொல்லி நெய்விச்சது. எங்கடை மருமகளுக்கு.

— எங்கடை மாதா கோயில்ல வெள்ளைதான். பொம்பிளை வெள்ளைச் சீலை உடுத்து வருவா.

— என் டென்மார்க்கிலும் மணப்பெண்ணுக்கு வெள்ளைதான், அம்மா.

— பாத்தியளே முதலாளி, துரை எங்கடை ஆள்.

— எங்கடை பக்கத்தில வெள்ளை புருசன் செத்தாப் பிறகு. துரை, அதையும் கொப்பியில போடுங்கோ.

— போட்டுவிட்டேன். அப்படியானால் அந்த நீலம்?

— இதோ? வொயில். கையில பிடிச்சுப் பாருங்கோ, காத்து மாதிரி. எத்தினை தரம் தோய்ச்சாலும் சாயம் போகாது. உங்கடை அம்மாவுக்கோ?

— அம்மா தினமும் சைக்கிளில் போகிறவர். இதை உடுத்தினால் விழுந்துவிடுவார்.

— அப்ப வீட்டுக்காரிக்கு.

— எனக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை, ஐயா.

— விளங்குது, விளங்குது. முகாமில சமைக்கிற மனிசிக்கு. அவவுக்கு வொயில் வேண்டாம் துரை, சாதாரண நூல் சீலை காணும்.

— அவருக்கும் இல்லை. நான் சனிக்கிழமை நாட்டைவிட்டுப் போகிறேன். போகும் முன், இந்த ஊரில் திருமணம் ஆகாத ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுக்க வேண்டும்.

— என்ன முதலாளி, கத்திரிக்கோலைக் கீழை போட்டிட்டியள்!

— துரை, இப்பிடி இந்தக் கதிரையில இருங்கோ. ஒரு விசயம் சொல்லவேணும். உங்கடை நாட்டில எப்பிடியோ, எனக்குத் தெரியாது. இஞ்சை ஒரு ஆம்பிளை சீலை எடுத்துக் குடுக்கிறதெண்டால், ஒண்டில் பெத்த தாய்க்கு, ஒண்டில் சகோதரத்துக்கு, ஒண்டில் கட்டினவளுக்கு. பிறத்தி ஆம்பிளை ஒரு குமர்ப்பிள்ளைக்குக் குடுத்தால், கண்டியளே, அது சீலை இல்லை.

— வேறு என்ன?

— புனிதம், நீர் சொல்லும்.

— என்னத்தைச் சொல்ல? சீலை குடுத்தவன்தான் அவளைக் கட்டவேணும். அவன் கட்டாட்டில் வேறை ஒருத்தனும் கட்டமாட்டான். எங்கடை கரையிலயும் அதுதான் ராசா.

— நன்றிக்காகக் கொடுத்தாலும்?

— நன்றிக்குப் பேனை குடுங்கோ துரை. குடை குடுங்கோ. மணிக்கூடு குடுங்கோ. அதெல்லாம் கையில கிடக்கிற சாமான். சீலை உடம்பில கிடக்கிறது.

— குறித்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியலில் சேலை என்றே இருக்கிறது.

— பட்டியலை விடுங்கோ! ஆற்றை பிள்ளை எண்டு சொல்லுங்கோ. தேப்பனை எனக்குத் தெரியாமல் இராது. நான் போய்ப் பக்குவமாக் கதைச்சு, ஒரு குடையோட விசயத்தை முடிச்சு விடுறன்.

— ஐயாத்துரையின் மகள் விமலேஸ்வரிக்கு.

— என்ரை மாதாவே!

— கேட்கவில்லையா, ஐயா? ஐயாத்துரையின் மகள், விமலேஸ்வரிக்கு!

— கேட்டது, கேட்டது! கத்தாதேங்கோ! வாசல்ல நிண்ட சனம் இப்பதான் போகுது.

— மன்னிக்க வேண்டும். என் தமிழ் விளங்கவில்லையோ என்று நினைத்தேன்.

— நல்லா விளங்கிச்சுது. புனிதம், அந்தக் கதவில ஒண்டைச் சாத்தும். துரை, நான் தேப்பன் மாதிரிக் கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன?

— என் உதவியாளர். இரண்டு ஆண்டுகளாக இந்தப் பக்கத்து மண் எல்லாவற்றையும் அளந்தது அவர். ஓர் இலக்கம்கூடப் பிழைத்ததில்லை.

— வேறை ஒண்டுமில்லையே?

— வேறு என்ன இருக்க வேண்டும்? எனக்கு என் ஊரில் நிச்சயம் செய்த பெண் இருக்கிறாள். மாரிகாலத்தில் திருமணம். படம் பார்க்கிறீர்களா?

— காட்டுங்கோ பாப்பம். ஆ, வடிவான பிள்ளை. ஒரு மூக்குத்தி போட்டால் இன்னும் வடிவாயிருக்கும்.

— மூக்குத்தியை விடும் புனிதம். கேட்டனீர்தானே? ஒண்டுமில்லை. தெரியாத்தனம். வெளிநாட்டுப் பிள்ளையின்ரை தெரியாத்தனம்.

— எனக்கு விளங்குது முதலாளி. வீட்டில உங்கடை மனிசி, அக்காவுக்கு விளங்குமோ?

— அதைத்தான் நானும் யோசிக்கிறன். ஆம்பிளையளோட வேலை செய்யிற பெட்டை எண்டு அவளுக்கு முதலே ஒரு முறுக்கு. நான்தான் பி.எஸ்ஸி, பி.எஸ்ஸி எண்டு சொல்லிச் சொல்லி வழிக்குக் கொண்டந்தனான். இது அவளின்ரை காதில விழுந்தால், கண்டியளே, பொழுதுபட முதல் கலியாணம் நிண்டுபோம்.

— ஆரோ நீலம் குடுத்தவளுக்கு என்ரை மகன் சிவப்புக் குடுக்கிறதோ எண்டு கேப்பா.

— அச்சொட்டா அப்பிடித்தான் கேப்பாள். அதால இது இந்தக் கடைக்குள்ளை நிக்கவேணும்.

— நிக்கட்டும். நான் ஆரிட்டச் சொல்லப்போறன்?

— முள்ளியவளையில எத்தினை வீட்டுப் படலை திறக்கிறனீர்?

— புதன்கிழமையில ஒரு நாப்பது வரும். கருவாடு குடுத்தால் கூட ஒரு கதையும் குடுக்கத்தானே வேணும். இல்லாட்டில் ஆர் என்னட்டை வாங்கிறது?

— இண்டைக்குக் கருவாட்டை மட்டும் குடும்.

— கஷ்டம்தான். ஆனால் அந்தோனியாராணை சொல்லமாட்டன். முதலாளி, உந்தப் பூப்போட்ட சீத்தை, சின்னவளுக்குச் சட்டை தைக்க எண்டு கேட்டன். பெரியவளும் இருக்கிறாள்.

— பெரியவளுக்கும் வெட்டுறன்.

— நடுவிலாளும் இருக்கிறாள்.

— மூண்டுபேருக்கும் வெட்டுறன், உம்மடை வாயை அதால தையும்!

— தைச்சாச்சு.

— அப்ப துரை, இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உந்த நீலத்தை நான் கடுதாசியில சுத்தி வைக்கிறன். கலியாணம் முடிஞ்சு மூண்டு மாதம் போக, மாமன் எடுத்துத் தந்ததெண்டு நானே மருமகளிட்டக் குடுக்கிறன். உங்கடை பேர் வராது. சீலையும் அவவுக்குப் போய்ச் சேரும். எப்பிடி?

— நீங்கள் நல்லவர், ஐயா. ஆனால் அப்படிச் செய்தால் அது அவர் கேட்டது போல் இருக்காது.

— இருக்கும், இருக்கும். மூண்டு பேருக்குத்தான் தெரியும். மூண்டு பேரும் மறந்திட்டம். உங்களில ஒரு குற்றமும் இல்லை. ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. செத்தவீட்டுக்குச் சிவப்புப் போடக்குடாதெண்டு சொல்லித்தந்த பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறா. இந்தச் சீலை விசயத்தையும் முதல் அவவிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?

— கேட்டேன், ஐயா. போகும் முன் உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அன்றைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இந்தத் தாளை மேசையில் வைத்திருந்தார். சாரம் இரண்டையும் மேலே நான் எழுதினேன். மற்றது அவர் எழுத்து.

— என்ன, எங்கடை பிள்ளை எழுதினதோ?

— துரை, எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. உரத்து வாசியுங்கோ.

— “ஒரு சேலை. எந்த நிறமும் சரி. பரமலிங்கம் கடைக்குப் புதன்கிழமை போங்கள். கொக்கிளாய்ப் புனிதம் உள்ளே போகும்வரை வாங்கில் இருங்கள். பிறகு போய், என் பெயரை உரத்துச் சொல்லிக் கேளுங்கள். சேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.”