தரையில் உட்காருகிறவர்கள்

சோபா வாங்கிப் போட்டுவிட்டுத் தரையில் உட்காருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அப்படிப் பார்த்தால் இந்த டேகு நகரத்தில் எனக்கு ஒருவரையுமே பிடிக்கக் கூடாது. நீங்களும் வீட்டில் அப்படித்தான் உட்காருவீர்கள், ஐயா, மறுக்க வேண்டாம். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, கீழே கதகதப்பாக இருக்கிறது, சோபா முதுகு சாய்க்க மட்டும். அதனால் நான் போகிற வீடுகளில் இருக்கை கடையில் இருந்தபடியே இருக்கும், முன்விளிம்பு மட்டும் தலைப் பிசுக்கில் கறுத்திருக்கும். மெத்தையைத் தூக்கினால் ஆரஞ்சுத் தோல், நகத்துண்டு, எப்போதோ தின்ற காய்ந்த கணவாய் மீன் துண்டு. பக்கத்தில் நின்று, "ஐயையோ, இது எப்படி இங்க வந்துச்சு" என்பார்கள். ஏதோ நான் கொண்டுவந்து போட்டதைப் போல.

என் பெயர் மின் டோ-சிக். சோபா, மெத்தை, நாற்காலி சுத்தம் செய்வது என் தொழில். அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் குறைவு. முதலில் காய்ந்த தூசியை உறிஞ்ச வேண்டும். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தி, சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் சோப்பு மருந்து, மெல்லிய பிரஷ், வெந்நீரை அடித்த கையோடு திரும்ப உறிஞ்சும் இயந்திரம். கடைசியில் புளிப்புத் தண்ணீர் விட்டுச் சோப்பின் காரத்தை முறிக்க வேண்டும், இல்லாவிட்டால் காயும்போது பழுப்பு படரும். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு, "ஈரத்துணியால தொடச்சாப் போகாதா?" என்று கேட்கும் ஜனங்கள் இவர்கள்.

நீங்கள் கேட்கிற தாக் சுன்-ரே அந்த ரகம்தான். புருஷன் இல்லை, தனியாக இருந்தாள். சியோலில் வேலை பார்க்கும் மகள் வாங்கிக் கொடுத்த வெல்வெட் சோபா, பாலாடை நிறம். அவள் அதன் காலடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பாள். நான் சுத்தம் செய்துவிட்டு வந்த மறுநாளே போன் வந்தது.

"தம்பி, நீ சுத்தம் பண்ண வந்தியா, இல்ல எதையாவது கொட்டிட்டுப் போக வந்தியா?"

போய்ப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம்.

"இது பழைய பார்லி டீ அம்மா. எப்பவோ சிந்தினது பஞ்சுக்குள்ள இருந்திருக்கும், ஈரம் பட்டதும் மேல ஏறி வந்திருக்கு" என்றேன். அப்படி நடப்பதும் உண்டு.

"டீயா? நான் அது மேல ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லையே, தம்பி. சோபா தானாப் போட்டுக் குடிச்சுதா?"

தரையில் உட்கார்ந்து அவளோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் புளிப்புத் தண்ணீர் விடவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவள் கறையைப் படம் எடுத்துக் குடியிருப்புக் குழுவில் போட்டாள். 'என் சோபாவுக்கு டீ வாங்கிக் கொடுத்த மகராசன் இவர்தான்' என்று எழுதினாள். அந்தக் குடியிருப்பிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடுவது நின்றது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வாசல் காவலாளி, "என்னண்ணே, இன்னிக்கு எந்த சோபாவுக்கு டீ?" என்றான். வேலை போனது எனக்குப் பெரிதில்லை. வெல்வெட்டுக்கும் தரைத்துணிக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டாள். அது எனக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு அவளே கூப்பிட்டாள். "கோவமா தம்பி? அன்னிக்கு ஏதோ விளையாட்டா எழுதிட்டேன். சனிக்கிழமை என் மக வர்றா, அதுக்குள்ள வந்து சரிபண்ணிக் குடு. சரியாச்சுன்னா நானே குழுவுல நல்லவிதமா எழுதிப் போடறேன்." பிச்சை போடுகிற குரல். வருகிறேன் என்றேன்.

நான் எடுத்துப் போனது எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் மருந்து. அந்தப் பழுப்புக்கு அது மருந்தே அல்ல. அதன் ஆவி காற்றைவிடக் கனம். மேலே ஏறாது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஜன்னலைத் திற, தரைச் சூட்டை அணை, வீட்டாரை வெளியே அனுப்பு என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே காதில் விழும் விஷயம். அன்று வெளியே, பாலைவனத்திலிருந்து காற்றில் வரும் மஞ்சள் தூசி அடித்துக்கொண்டிருந்தது.

"ஜன்னலைத் தொறக்கட்டுமா தம்பி? வாடை மூக்கைத் தொளைக்குது."

"தூசியப் பாருங்கம்மா. வெல்வெட்டுல படிஞ்சா அவ்வளவுதான். தரைச் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைங்க, சீக்கிரம் காஞ்சுடும்."

"அதுவும் சரிதான்" என்று அவளே எழுந்து போய்க் கூட்டிவைத்தாள். எனக்குப் பேரிக்காய் நறுக்கிக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. நான் இயந்திரத்தின் குழாயைச் சுருட்டும்போது அவள் வழக்கமான இடத்தில், சோபாவின் காலடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தொடர் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

வாசலில் நின்று சொன்னேன்: "அம்மா, இன்னிக்கு ஒரு நாளாவது மேல உட்காருங்க. தரை வேண்டாம்."

"போ தம்பி, கதவைச் சாத்திட்டுப் போ. தூசி வருது."

சாத்திவிட்டு வந்தேன். கீழே கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டேன். சனிக்கிழமை மகள் வந்து கதவைத் திறந்தாள். முதலில் மாரடைப்பு என்றீர்கள். பிறகு என்னைத் தேடி வந்தீர்கள். உங்களுக்கு அவ்வளவு நாள் பிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் நான் எச்சரித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் மேலே உட்கார்ந்திருந்தால் தலைசுற்றலோடு போயிருக்கும். மகள் அருமையாக வாங்கிக் கொடுத்த சோபா, அதில் ஒரு நாள் உட்காரத் தெரியவில்லை அந்த மனுஷிக்கு. புத்தி சொன்னவன்மேல் பழி போடுவது நியாயமில்லை, ஐயா.

"ஈரத்துல எப்படிய்யா உட்காருவாங்க?" என்று கேட்கிறீர்கள்.

சரியான கேள்விதான். கறை உள்ளங்கை அளவு. நான் முதுகு, கைப்பிடி, இருக்கை எல்லாவற்றையும் நனைத்தேன். ஓர் ஆள் உட்கார இடம் விடவில்லை.