நிற்காமல் ஓடிய ஹீட்டர்

எவ்வளவு குளிரடித்தாலும் என் கடையில் நான் ஹீட்டர் போடுவதில்லை சார். நாள் முழுக்க அதைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு அதன் முகத்தைப் பார்த்தாலே அலுப்பு வந்துவிடும்.

இரண்டாயிரம் வாட்ஸ் ஹீட்டர் என்றால், குமிழை ஒன்றில் வைத்தாலும் ஆறில் வைத்தாலும் இரண்டாயிரம்தான். குமிழ் வேகத்தைக் கூட்டாது. அறை எவ்வளவு சூடானதும் நிற்கவேண்டும் என்பதை மட்டும் அது பார்த்துக்கொள்ளும். இதை என் அக்காவின் கணவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். அத்தான் வீட்டுக்குள் நுழைந்ததும் குமிழைக் கடைசிவரை திருகுவார், சீக்கிரம் சூடாகுமாம். நான் வாயைத் திறந்தால் வந்தவர்கள் முன்னால், "ஸ்க்ரூ டிரைவர் பாடம் நடத்துது, எல்லாரும் கேட்டுக்கங்க" என்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈரத்துணியை வேறு அதன்மேலேயே காயப்போடுவார்கள். காற்று அடைபட்டு உள்ளே கொதித்தால், தனியாக இருக்கும் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். அந்த வீடு இத்தனை நாள் பிழைத்துக் கிடந்தது அதனால்தான்.

போன வாரம் அத்தான் ஹீட்டரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சும்மா சும்மா நின்னுடுது மச்சான். நிக்காம ஓடணும், அவ்வளவுதான். லெக்சர் வேண்டாம்."

நான் லெக்சர் அடிக்கவில்லை. பாதுகாப்பு சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு வயரைப் போட்டு இணைத்தேன். குமிழும் கடைசியில் இருந்தால் இனி அதை நிறுத்த எதுவும் இல்லை. அவர் கேட்டது அதைத்தானே? உண்மையைச் சொன்னால், வெகுநாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

நேற்று மதியம் அக்கா போன் செய்தாள்.

"நல்லா செஞ்சு குடுத்திருக்கடா தம்பி. ஈரக் கம்பளியைப் போட்டும் நிக்கவே இல்ல. இதமா இருக்கு, கொஞ்ச நேரம் கண்ணசரப் போறேன்."

"தூங்குக்கா" என்றேன்.

அத்தான் அப்போது வேலையில் இருந்தார். புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து அக்காவைத் தூக்கி வந்தபோது அவளுக்கு மூச்சில்லை.

கம்பளியை எடுத்துவிடு என்று போனிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த வீட்டில் நான் சொல்லி யார் கேட்டார்கள் சார்?