முட்டாள் கீறல்

இந்தப் போலீஸ் மேசையில் யாரோ டோனட் தின்றிருக்கிறார்கள், பாவ்லிக் மேடம். கை வைத்தால் சர்க்கரை ஒட்டுகிறது. ஒரு துணி கொடுங்கள், துடைத்துவிட்டுப் பேசலாம். அழுக்கு மேசையில் உட்கார்ந்து எனக்குப் பேச வராது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கைத்துப்பாக்கிகளில் கீறலையும் துருவையும் எடுத்துவிட்டுப் துருவைத் தடுக்கும் அந்தக் கருநீல மெருகை, நாங்கள் நீலம் என்போம், புதிதாக ஏற்றித் தருகிறேன். என் தங்கை மார்லா உங்கள் சிறையில் இருக்கிறாள். கணவன் வெண்டலை அவள்தான் சுட்டாள் என்கிறீர்கள். அவள் சுடவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன், அவளுக்காக மட்டும்தான் வந்தேன். இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் துப்பாக்கி எங்கள் அப்பாவுடையது. அவர் சாகும்போது அதை மார்லாவுக்கு எழுதி வைத்தார். எனக்கு வருத்தமில்லை. அவள் அதை அலமாரியில் வைத்திருந்தால் இன்றும் நன்றாக இருந்திருக்கும். வெண்டல் எடுத்துப் பழகினான்.

சிலருடைய வியர்வை இரும்புக்கு ஆகாது. தொட்டுவிட்டு வைத்தால் மறுநாள் விரல் பதிந்த இடத்தில் துரு பூத்திருக்கும். எங்கள் தொழிலில் அவர்களைத் துருக்கைக்காரர்கள் என்போம். அது அவர்கள் குற்றமில்லை, கையைத் துடைத்துக்கொண்டு தொடலாம். வெண்டலுக்குத் துருக்கை. அது போதாதென்று உப்புத் தூவிய பிரட்செல் பிஸ்கட் தின்றுகொண்டே துப்பாக்கியைக் கழற்றுவான். கைப்பிடிக் கட்டையைத் திருகி எடுத்தால் உள்ளே உப்புக்கல் கிடக்கும். ஒருமுறை கடுகுச் சாஸ் காய்ந்து ஒட்டியிருந்தது.

அந்த வகைத் துப்பாக்கியைத் திரும்பப் பூட்டும்போது பக்கவாட்டில் தாழ்ப்பாள் மாதிரி ஒரு தாழைச் செருக வேண்டும். சிறு முளையை ஒரு மெல்லிய அட்டையால் அழுத்திக்கொண்டு நேராகத் தள்ளினால் வேலை முடிந்தது. பொறுமையில்லாதவன் தாழைக் கீழேயிருந்து வளைத்துத் தூக்குவான். அதன் முனை சட்டத்தில் பிறைபோல ஒரு கோடு கிழிக்கும். அதற்கு முட்டாள் கீறல் என்றே பெயர். துப்பாக்கிக் கடையில் யார் கண்ணிலாவது பட்டால் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள்.

முதல் தடவை அவன் அந்தக் கீறலோடு கொண்டுவந்தபோது வாங்கிச் சரிசெய்து கொடுத்தேன். அந்தக் கோட்டை மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு குழி விழும், மேடம். நீலம் பெயின்ட் மாதிரி இல்லை, அது எதையும் மூடாது. ஏற்றியபின் குழி அலையலையாகத் தெரியும். கீறலின் ஓரத்தில் எழும்பி நிற்கும் இரும்பை எண்ணெய்க்கல்லால் தணித்து, பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே தட்டையாக, ஒரே திசையில், கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் இழுக்க வேண்டும். பொறித்த எழுத்துக்கள் மழுங்கக்கூடாது. விளிம்புகள் உருளக்கூடாது. தலைமுடிக் கனம்தான் போகும், ஆனால் போன இரும்பு திரும்பி வராது. அப்பாவின் துப்பாக்கியிலிருந்து ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவை அட்டை பிடிக்கும் விதத்தைக் காட்டினேன். தலையை ஆட்டினான். மூன்றாம் தடவை கொண்டுவந்தபோது கீறலோடு, ஈரத் தோலுறையில் போட்டு வைத்ததால் மேல்பாகம் முழுக்கப் பொடிப்பொடியாகத் துருக்குழியும் இருந்தது. அதோடு பல நாள் உட்கார்ந்தேன். நன்றாக வந்தது. ஜன்னல் ஓரம் பிடித்தால் என் முகம் நெளியாமல் தெரிந்தது.

துப்பாக்கியை வியாழக்கிழமையே கொடுத்துவிட்டேன் என்று முன்பு விசாரித்தபோது உங்களிடம் சொன்னேன். அது பொய். வெள்ளிக்கிழமை மாலைதான் கொண்டுபோனேன். மார்லா தவக்கால விருந்துக்கு மீன் பொரிக்கச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். வெண்டல் டிவி முன்னால் இருந்தான். பிரட்செல் பை மடியில். எண்ணெய்த் துணியைப் பிரித்துக் கொடுத்தேன். கையைத் துடைக்கச் சொன்னேன். பேன்டில் தேய்த்துக்கொண்டான்.

"நான் கத்துக்கிட்டேன் மச்சான், பாருங்க," என்று அங்கேயே கழற்றினான். அட்டையை நீட்டினேன், வாங்கவில்லை. திரும்பப் பூட்டும்போது தாழைக் கீழேயிருந்து தூக்கினான். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குப் பல்லெல்லாம் கூசியது.

கீறலைப் பார்த்து அவனே சிரித்தான். "முட்டாள் கீறல்னுதானே பேரு? அப்ப அது எனக்குச் சேர வேண்டியதுதான். விடுங்க மச்சான், சுடறப்ப சுடுதா இல்லையா?"

அது நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. வாங்கி, தாழைச் சரியாக உட்கார வைத்தேன். குண்டுகள் மேசையிலேயே இருந்தன, எடுத்துப் போட்டேன். கோபமெல்லாம் இல்லை. சாக்கடை அடைத்தால் கையை விட்டு எடுப்போமே, அப்படி ஓர் அருவருப்பு, அவ்வளவுதான். சுட்டது. அவனுக்கு அது தெரிந்திருக்கும்.

ரொம்பக் கிட்டத்தில் இருந்ததால் மேல்பாகத்தில் தெறித்துவிட்டது. ரத்தத்திலும் உப்புதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் நீலத்தைத் தின்றுவிடும், அப்புறம் குழிதான். நான் கொண்டுவந்த துணியாலேயே துடைத்தேன். எழுத்துப் பள்ளங்களைத் தீக்குச்சி முனையால் எடுத்தேன். எண்ணெய் போட்டு, தரையில் வைக்க மனமில்லாமல், மேசையில் ஒரு பேப்பர் நாப்கினை விரித்து வைத்துவிட்டு வந்தேன். கைரேகை என்று ஒன்று இருப்பதையே நான் நினைக்கவில்லை.

மார்லா தலைவலி என்று சர்ச்சிலிருந்து பாதியில் தனியாகக் கிளம்பியிருக்கிறாள், அந்த நேரத்துக்கு அவளுக்குச் சாட்சி இல்லை. அது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் அவர்களுடைய பழைய சண்டைகளைச் சொன்னார்கள். துடைத்த துப்பாக்கியைப் பார்த்து நீங்கள் அவளைக் கூட்டிப்போனீர்கள். சிறையிலிருந்து போன் செய்தாள். "அண்ணா, நான் அதைத் தொடவே இல்லண்ணா," என்று அழுதாள்.

"தொடாம இருந்தது நல்லதும்மா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவளுக்கும் கை வியர்க்கும்.

அன்றே வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் இருந்தேன். வேறொருவருடைய ரிவால்வர் கடையில் பாதியில் கிடந்தது. பிறகு ஏப்ரல் வந்துவிட்டது. இன்று காலை நீங்கள் கடைக்கு வந்து, துப்பாக்கியின் இப்போதைய படத்தைக் காட்டி, இந்த எண்ணெய் எந்த வகை என்று கேட்டீர்கள். நான் எண்ணெயைப் பார்க்கவில்லை. உங்கள் ஆட்களில் யாரோ துப்பாக்கியை வெறுங்கையால் எடுத்திருக்கிறார்கள். மேல்பாகத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்குத் துரு பூத்திருந்தது. அதைப் போட்டு வைத்த பிளாஸ்டிக் பையின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தது. நீங்கள் காரை எடுப்பதற்குள் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தேன்.

ஆம், வெண்டலை நான்தான் சுட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இந்தப் பேனாவும் பிசுபிசுக்கிறது.

மார்லாவை எப்போது விடுவீர்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்கிறேன், மேடம். அவளுக்காகத்தானே வந்தேன். முதலில் யாரையாவது அனுப்பி, துப்பாக்கி இருக்கும் அந்தப் பையைத் திறக்கச் சொல்லுங்கள்.