எங்கள் அளவுகோலாய் இருந்த இரத்தம்

மகாவலி வளைந்தோடும் மலைநகராம் கண்டியில், எங்கள் குருதி ஆய்வுகூடத்தின் கண்ணாக முப்பத்திரண்டு ஆண்டுகள் கடமையாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி ஜெயராணி ராஜலிங்கம் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் உள்ளம் உடைந்து வாசித்தளிக்கும் மடல்.

கனிவும் கண்டிப்பும் கலந்தவரே! கடுகளவு குறையையும் கண்டுபிடிக்கும் கழுகுக் கண்ணாரே! எங்கள் ஜெயராணி மிஸ்ஸே!

பன்வில மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, எங்களுக்கு முன்பே கதவைத் திறந்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டில் இரத்தத்தை யாராவது தடிப்பாகப் பூசிவிட்டால் போதும், "பூசச் சொன்னா தோசையா வார்க்கிறீங்க?" என்ற குரல் வாசல்வரை கேட்கும். திட்டிய வாயாலேயே தேநீருக்கும் கூப்பிடுவீர்கள்.

இரத்த அணுக்களுக்கு நிறமூட்டும் புதிய சாயம் கலக்கும் நாளெல்லாம் முதலில் கை நீட்டியவரும் நீங்களே. நோயில்லாத ஒருவரின் இரத்தத்தில் சாயத்தைச் சோதித்த பிறகே நோயாளரின் இரத்தத்துக்குப் போவோம். "என் ரத்தத்துக்கு என்னடி குறை, எடு" என்பீர்கள். எத்தனை பேரின் நோயை, உங்கள் நலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டறிந்தோம்!

சென்ற ஆண்டு பெரஹரா ஊர்வலம் முடிந்த கிழமை, எங்களில் இளையவளான ரபீகா பூசிய உங்கள் இரத்தத்தில் வெள்ளையணுக்களான வெண்குழியங்கள் மிதமிஞ்சி, பாதி நசுங்கிச் சிதறிக் கிடந்தன. சாயம் கெட்டதென்று கொட்டினோம். பூச்சுப் பிழையென்று ரபீகாவைக் கடிந்தோம். மறுபடி பூசிய தட்டை நீங்களே வாங்கி நுணுக்குக்காட்டியில் வைத்து வெகுநேரம் பார்த்தீர்கள். "ரபீகா, நீ பூசுனதுல பிழையே இல்லம்மா. என் ரத்தந்தான்" என்றீர்கள். ரபீகாவுக்கு நீங்கள் தந்த முதல் பாராட்டு அது. அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் அழுகிறாள்.

உங்களுக்கு வந்திருந்த நாட்பட்ட நிணநீர்க்குழிய இரத்தப் புற்றுநோய் சிலரிடம் இருபது ஆண்டுகள்கூடத் தூங்கிக் கிடக்கும் என்பதை நாங்களும் அறிவோம். மருந்தே இன்றி, அவ்வப்போது பரிசோதித்து வந்தாலே அவர்களுக்குப் போதும். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. பதினேழாம் நிறமூர்த்தத்தில், அதாவது குரோமோசோமில், ஒரு துண்டு இல்லையென்று முடிவு வந்தது. பழைய மருந்துகளுக்கு அந்த வகை சரியாகக் கேட்பதில்லை. நாளும் விழுங்கும் புதிய மாத்திரைகள் இந்த வகைக்கும் பல ஆண்டுகள் தருகின்றன. நோயாளியின் சொந்தக் குழியங்களையே எடுத்து, நோயை எதிர்க்கப் பழக்கி, திரும்ப ஏற்றும் சிகிச்சையும் வெளிநாடுகளில் வந்துவிட்டது. வாசிக்க வாசிக்க வயிறு எரிகிறது, மிஸ்! மருந்து உலகத்தில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. விண்ணப்பித்த மாத்திரை வரும் வரும் என்கிறார்கள். உங்கள் கழுத்துக் கட்டிகளோ அதற்காகப் பொறுத்திருக்கவில்லை.

"நூறு வருஷம் வாழ்கன்னு மட்டும் எழுதிடாதீங்க, எனக்குச் சிரிப்பு வந்துரும்" என்று நேற்றுச் சொன்னீர்கள். எழுதவில்லை. அந்த இடத்தில் வேறென்ன எழுதுவதென்றும் எங்களுக்குத் தெரியவில்லை. மாத்திரை வந்து சேரும்வரையாவது இருந்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறோம்.

திங்கட்கிழமை புதிய சாயம் கலக்க வேண்டும். உங்கள் இடத்தில் கை நீட்டும்படி ரபீகாவிடம் கேட்டோம். பயமாக இருக்கிறதாம். எங்களுக்கும்தான், மிஸ்.

ஆற்றாமையுடன்,
குருதி ஆய்வுகூடப் பணியாளர்கள்,
கண்டி.