மரத்துப்போகும் ஊசி

பல்லைப் பிடுங்குவதில் எனக்கு எப்போதுமே ஆசை இருந்ததில்லை, சார். காப்பாற்ற முடிந்த பல்லைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. என்னிடம் வந்தவர்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கை மென்மையானது என்றுதான் சொல்வார்கள். தேர்தலுக்கு முன்னால் வந்தவர்களைக் கேளுங்கள், அதுதான் நியாயம்.

இந்தத் தேர்தலில் எங்கள் கட்சி மண்ணைக் கவ்வியது. தோற்றதுகூடப் பரவாயில்லை, ஜெயித்தவர்கள் சிரித்த சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பாடு இறங்காமல் டிவி முன்னால் சோபாவிலேயே கிடந்தேன். கடைசியில் மனைவி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தோத்தா தோத்ததுதான். நீங்க படுத்துக் கிடந்தா முடிவு மாறிடுமா? போய் உருப்படியா வேலையைப் பாருங்க."

மற்றவர்கள் செய்வதையெல்லாம் நானும் செய்து பார்த்தேன். காலையில் பூங்காவில் நடந்தேன். எதிரே வருகிறவர்களில் பாதிக்கு மேல் நமக்கு எதிராகப் போட்டவர்கள் என்று தோன்றியதும் திரும்பிவிட்டேன். மூச்சுப் பயிற்சி செய்தேன். மூச்சு சீராக வந்தது, கோபமும் சீராக வந்தது. ஜெயித்த கட்சிக்கு ஓட்டுப் போட்ட மச்சினனோடு பேசுவதை நிறுத்தினேன். அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

அதனால் கிளினிக்குக்கே திரும்பினேன். முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர், கடைவாய்ப் பல் சொத்தை. நாற்காலியில் சாய்ந்ததுமே, "என்ன டாக்டர், உங்க ஆளு காணாமப் போயிட்டாரே" என்று சிரித்தார்.

"நீங்க அந்தப் பக்கம் போட்டீங்களா?"

"பின்னே? ஒரு மாற்றம் வேணாமா?"

மரத்துப்போகும் மருந்துக்குப் பதிலாக ஊசியில் உப்புத் தண்ணீரை ஏற்றினேன். திட்டமிட்டுச் செய்தேன் என்று எழுதாதீர்கள், கை தானாகப் போனது. அவர் அலறினார். "பொறுத்துக்குங்க. மாற்றம்னா ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்றேன். அன்றைக்கு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். மனைவிக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினேன். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவேன், திறந்தபின் சொல்வது புரியாது. எங்களுக்குப் போட்டவர்களுக்கு மருந்து, மற்றவர்களுக்கு உப்புத் தண்ணீர். என் உதவியாளர் பெண்ணுக்குக் குழப்பம்.

"டாக்டர், மருந்து சரியில்லையோ? நிறையப் பேருக்கு வேலையே செய்யலையே."

"சில பேருக்கு உடம்பு ஏத்துக்காதும்மா."

ஊர் வாய் சும்மா இருக்குமா? எதிர்த்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று விஷயம் கசிந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு பல் டாக்டர் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் நான் கேட்பதற்கு முன்பே எங்களுக்குத்தான் போட்டதாகச் சொன்னார்கள். அந்த டிரைவர்கூட இன்னொரு பல்வலியோடு வந்து, "தப்புப் பண்ணிட்டேன் டாக்டர்" என்று கண்கலங்கினார். எங்கள் தலைவர் தொண்டை கிழியப் பேசியும் நடக்காததை நான் மூச்சுக் காட்டாமல் முடித்தேன். என் கிளினிக்கில் எதிர்த்து ஓர் ஓட்டு இல்லை. படுத்தால் தூக்கம் வந்தது.

அந்த நேரத்தில்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்தார். வயதானவர், இதய நோயாளி. தாடை வீங்கியிருந்தது.

"யாருக்கும்மா போட்டீங்க?"

"அதெல்லாம் சொல்றதில்லப்பா. அதுக்குத்தானே மறைப்பு கட்டி வெச்சிருக்காங்க."

"நமக்குள்ளதானே, சொல்லுங்க."

"நீ பல்லைப் பாரு தம்பி."

நேர்மையான ஓட்டை யாராவது மறைப்பார்களா? உப்புத் தண்ணீரைப் போட்டேன். பல் லேசில் அசையவில்லை. அவர் கத்தவில்லை, நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "நிறுத்துங்க டாக்டர், அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது" என்றாள் உதவியாளர். பாதியில் நிறுத்தினால் பல் உடைந்துவிடும், நான் தொழில் தெரிந்தவன். பல் முழுசாக வந்தது. அதற்குள் அவர் கை கைப்பிடியிலிருந்து நழுவியிருந்தது.

உதவியாளர் தட்டிலிருந்த குப்பியை எடுத்துப் படித்தாள். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டது அவள்தான். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவள் எங்கள் கட்சி இல்லை.

தெரிந்தேதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயம்தான் மனதை அறுக்கிறது. நீங்கள் வருவதற்கு முன், உயிர் போய்விட்டது என்று கைவிரித்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் அந்த அம்மாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டவுன்ல பெரிய டாக்டர்கிட்டப் போலாம்னு சொன்னேன் சார். கேக்கலை. வாழ்நாள் முழுக்க உங்க கட்சியைத் தவிர வேற யாருக்கும் ஓட்டுப் போட்டதில்லை. நம்ம ஆளு இருக்கும்போது எதுக்கு வேற டாக்டர்னு உங்ககிட்ட வந்தாங்க."

இருப்பதே கொஞ்சம் ஓட்டு. அதிலும் ஒன்று போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வலி தெரியாமல் பிடுங்கியிருப்பேனே, சார். நான் என்ன, இரக்கமில்லாதவனா?