ஒத்த ஜிமிக்கி

— இத யாரு காதுலருந்து கழட்டுனிய?

— எத?

— இந்த ஜிமிக்கிய. காளி வேசத்து நகையெல்லாம் தேய்க்கலாம்னு பெட்டியத் தட்டுனேன். அடியில துணிக்குள்ள சுத்திக் கெடந்துச்சு.

— அதுவும் வேச நகைதான் ஏளா. கவரிங்கு. எல்லாத்தோடயும் சேத்துப் புளியில முக்கித் தேய்ச்சு வையி. நாளைக்கு விடியுமுன்ன தசரா செட்டு ஆளுவ வேன் கொண்டுட்டு வந்துருவானுவ.

— கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து உங்க வேச நகைய நாந்தான் தேய்க்கேன். சின்னதுல குத்துன ஓட்டை உங்களுக்குத் தூந்து போச்சு. அதுக்காவத்தான காத அமுக்கிப் பிடிக்கிற கிளிப்பு வச்சு வாங்குனோம்? இதுல திருகுல்லா இருக்கு?

— கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான்.

— எந்தக் கடைக்காரன் ஒத்த ஜிமிக்கி விப்பான்?

— இன்னொண்ணு விழுந்திருக்கும். ரோடு பூரா ஆடிக்கிட்டுல்லா வந்தோம். அந்த மேளத்துக்குக் கொண்டையே கழண்டுட்டு, கம்மலா நிக்கும்?

— கிளிப்பு விழும். திருகு எப்படி விழும்?

— நீ என்ன போலீசா? தேய்க்கதா இருந்தா தேயி. இல்லாட்டி பெட்டிய மூடு.

— தேய்க்கத்தான செய்யுதேன். உங்க வேர்வைக்கும் இந்த உப்புக்காத்துக்கும் ஒட்டியாணம் ஒரே நாள்ல கறுத்துப்போச்சு பாருங்க. ஏங்க, கிரீடத்தத் தண்ணியில போடாதிய! கல்லு ஒட்டுன பசை விட்டுரும். பேஸ்ட்ட தொட்டு, பழைய பிரஷ்ஷால பைய தேய்க்கணும். எம்புள்ள முத்துக்குமரன் வீட்டுல இருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா? அவனே உக்காந்து அம்புட்டையும் மினுக்கிருவான்.

— அந்தப் பேச்ச இப்ப எடுக்காத.

— எடுக்கல. ஜிமிக்கிப் பேச்சுக்கே வாரேன். முன்பக்கம் கறுத்துக் கெடக்கு, பின்பக்கம் கண்ணாடி கணக்கா மினுங்குது. ஏன்னு தெரியுமா?

— எனக்கென்ன தெரியும்.

— கலரில்லாத நெயில் பாலீஷ் பூசிருக்கு. பித்தள பட்டுக் காது புண்ணாவக் கூடாதுன்னு பூசுறது. கடையில இதெல்லாம் செய்ய மாட்டான். அதுவும் ஒருதடவ பூசுனது இல்ல. தேயத் தேய மேல மேல பூசிருக்கா. இந்த முப்பது ரூவா கவரிங்க ஒருத்தி தங்கம் மாதிரி பாத்துக்கிட்டிருந்திருக்கா.

— நேரம் ஆவுது ஏளா.

— என்ன, பேச்ச மாத்துதிய? நேத்து வந்ததுலருந்து பாக்கேன். சோறு வேண்டாம்னிய. செவரப் பாத்துப் படுத்திய. வெரதம்னு சொல்லி தசரா செட்டுக் குடில்லயே கெடந்த மனுசன், அங்கனதான் கெடந்தியளா, வேற எங்கனயும் போனியளான்னு நான் யாருகிட்ட போயிக் கேக்க?

— நீ நெனைக்க மாதிரி ஒண்ணும் கெடையாது.

— நான் என்ன நெனைக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இன்னொருத்தி இருக்கான்னுதான?

— இருக்காளா?

— சீ! கையில காப்பு கட்டிருக்கேன் ஏளா.

— அதத்தான் நானும் சொல்லுதேன். காப்பு கட்டுன கைய என் தலையில வச்சுச் சொல்லுங்க. இத அவளாத் தந்தாளா, நீங்க பறிச்சியளா? பறிச்சிருந்தா இப்பவே உடன்குடிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பொறவு இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்.

— பறிக்கதுக்கு நான் என்ன களவாணிப்பயலா? அவளாத்தான் தட்டுல போட்டா.

— எந்தத் தட்டுல?

— காணிக்கைத் தட்டுல. நேத்து தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைகடையா ஏறி எறங்குனோம். எல்லாரும் சில்லறையப் போடுதாவ. ஒருத்தி மட்டும் ஓடி வந்து கால்ல விழுந்தா. எந்திரிச்சு, காதுல கெடந்தத கழட்டித் தட்டுல போட்டா.

— அம்பாளுக்குப் போட்ட காணிக்கைய கோயில் உண்டியல்லல்லா சேக்கணும்? ஒளிச்சு வைக்க நீங்க யாரு?

— மனசு வரல.

— ஏன் வரல? அழகா இருந்தாளோ?

— இருந்தா. சேலை கட்டி, பூ வச்சு, லட்சணமா. ஆனா ரெண்டு காதுலயும் வேற வேற கம்மலு. கூட நாலஞ்சு திருநங்கைமாரு நின்னாவ.

— சொல்லுங்க.

— நான் மூஞ்சி பூரா சாயம் பூசி, மர நாக்க மாட்டி, சடையத் தொங்கவிட்டு நிக்கேன். அவளுக்கு என்ன அடையாளம் தெரியல. எனக்குத் தெரிஞ்சிட்டு. நம்ம முத்துக்குமரன் ஏளா.

— நீங்க என்ன செஞ்சிய? அடிச்சியளா?

— அடிக்கவா? சூலத்த எடது கைக்கு மாத்திக்கிட்டு, இந்தக் கையால நெத்தியில திருநீறு பூசிவிட்டேன். கண்ண மூடி வாங்கிக்கிட்டா.

— அடிச்ச கைதான அது. தசராவுக்கு அந்தப் புள்ள குறத்தி வேசம் கட்டுன பத்து நாளும் 'எம்புள்ளைக்கு என்ன லட்சணம் பாரு'ன்னு ஊரு பூரா கூட்டிக்கிட்டு அலைஞ்சிய. காப்பு அவுத்த மறுநாளு, காதுல கெடந்தத கழட்ட மாட்டேன்னதுக்குத் தெருவுல போட்டு அடிச்சிய. அதே புள்ளைதான? அதே கம்மலுதான?

— சொல்லு. இன்னும் சொல்லு. எனக்கு வேணும்.

— கம்மலப் போட்டு அவ என்ன வேண்டுனா?

— அத மட்டும் கேக்காத.

— காப்பு கட்டிருக்கிய.

— 'தாயே, எங்க அப்பா கோவம் தீரணும். எங்க அம்மாவ ஒருக்கா கண்ணால பாக்கணும்'னா. எங்கிட்டயே வந்து என் கோவம் தீரணும்னு வேண்டுதா ஏளா! நான் என்னத்தச் சொல்ல? வாயில அந்த நாக்கு. பேசவும் முடியல, அழுவவும் முடியல. மேளக்காரன் அடுத்த கடைக்கு இழுத்துட்டுப் போயிட்டான்.

— தீந்துச்சா கோவம்?

— தீராமலா இத உண்டியல்ல போட முடியாம மடியில கட்டிக் கொண்டாந்தேன்? உனக்குப் பயந்துதான் ஒளிச்சேன். உம்புள்ள சேலை கட்டி நிக்கான்னு சொன்னா நீ எப்படித் தாங்குவ? நெஞ்சு வெடிச்சுருவியேன்னு...

— எந்திரிங்க.

— எங்க?

— அந்த அரிசிப் பானைக்குள்ள கைய விடுங்க. அடியில ஒரு துணி முடிச்சு கெடக்கும்.

— என்னளா இது?

— அவுத்துப் பாருங்க. இதோட ஜோடி. அவ வீட்ட விட்டுப் போன அன்னிக்கு, ஒண்ண நான் வச்சுக்கிட்டு, பாலீஷ் பூசி இன்னொண்ண அவ காதுல மாட்டிவிட்டது நாந்தான்.